ஜாக்கெட்டுக்குள் மறைத்த தாலி

சென்னீர்குப்பத்தில் பழைய பேட்டரி பிரிக்கிற ஷெட்டில் அஞ்சலைக்கும் எனக்கும் ஒரே மேசை. கரண்டு ஸ்கூட்டரிலும் கரண்டு ஆட்டோவிலும் ஓடித் தேய்ந்த பேட்டரிகள் எங்களிடம் வரும். மூடியைத் திறந்து, உள்ளே வரிசையாக அடுக்கிய செல்களைப் பிரித்து எடுப்போம். உயிருள்ளது ஒரு பக்கம், செத்தது ஒரு பக்கம். உயிருள்ளவை சேர்ந்து வீட்டு இன்வெர்ட்டருக்கோ தெருவிளக்குக்கோ மறுபடி வேலைக்குப் போகும். செத்தவை அரைக்கப் போகும்.

அஞ்சலைக்கு நாற்பத்து நான்கு வயது. மாமனார் உழுத நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதே அடுக்குமாடியில் ஆறு வருடம் சமையல் செய்தாள். "ஒரே பில்டிங்ல நாலு ஜில்லா சாம்பாரு வெக்கணும்க்கா, என்னால முடியல" என்று விட்டுவிட்டு இங்கே வந்தாள்.

கை ராசிக்காரி. சார்ஜ் ஏற்றிய செல்லைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். லேசாகச் சுட்டால், "இதுக்கு ஜொரம்" என்று ஓரமாக வைத்துவிடுவாள். எங்கள் சூப்பர்வைசர் ஸ்ரீநாத், கோயம்புத்தூர்ப் பிள்ளை, மீட்டர் வைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

ஷெட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. வளையல், மெட்டி, தோடு எல்லாம் கழற்றி அவரவர் பெயர் எழுதிய டப்பாவில் போட வேண்டும். தாலியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஸ்ரீநாத் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"மஞ்சள் கிழங்கு கட்டி வெறும் கயிறா போட்டுக்கோங்க அக்கா. கயித்துல கரண்ட் பாயாது."

அன்று சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலை என்னிடம் புலம்பினாள். "கயிறோட குழாயடிக்குப் போனா சும்மா உடுவாளுங்களா? 'இன்னாடி அஞ்சல, சேட்டு கடையில வெச்சிட்டியா'ன்னு கேப்பாளுங்கக்கா."

"என் தெருவுலயும் அதே வாய்தான்" என்றேன் நான். "நான் ஜாக்கெட்டுக்குள்ள உட்டு ஊக்கு குத்திக்கினேன். நீயும் அப்படியே செய். யாருக்குத் தெரியப் போவுது? மாங்காட்டு அம்மாவுக்குத் தெரியும், அது போதும்."

இந்த வாய்தான் சொன்னது. அன்று முதல் தினமும் காலையில் பாத்ரூமில் நானே என் கையால் அவளுக்கு ஊக்கு குத்திவிட்டேன்.

எட்டு மாதம் அப்படியே போனது. ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. அஞ்சலை ஓர் ஆட்டோ பேட்டரியைத் திறந்து குனிந்தாள். ஊக்கு எப்படித் திறந்துகொண்டதோ, தாலிச் சங்கிலி வெளியே வந்து தொங்கியது. எனக்குத் தெரிந்தது வெல்டிங் பட்டறையில் அடிக்கிற மாதிரி ஒரு வெளிச்சம், படாரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண் தெளிந்து பார்த்தால் சங்கிலி அறுந்து கிடக்கிறது. அவள் நெஞ்சில் கறுப்பாக ஒரு கோடு. தாலிப் பொட்டைக் காணோம். பேட்டரித் தகட்டின் மேல் கடுகு கடுகாக மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன.

தாலி உருகும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஸ்ரீநாத் தம்பி அவளை இழுத்துப்போய்க் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அவளோ காயத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, அவருக்கு இன்னாவோ ஆயிடிச்சி" என்றாள். அவள் வீட்டுக்காரர் கோதண்டம் பெங்களூர் ரோட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவர்.

ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் கார் வந்து நின்றது. ஏற மாட்டேன் என்றாள். ஈரப் புடவையோடு நின்று போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. ஆறு முறை. மாங்காட்டுத் தாயே, எடுக்கச் சொல்லு, எடுக்கச் சொல்லு என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

ஏழாவது முறை எடுத்தார். "இன்னாடி, வண்டி ஓட்டிகினு கீறப்போ போன் மேல போனு?"

அஞ்சலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "சாப்டியா?"

"பதினோரு மணிக்கு இன்னா சோறு? லூசா நீ?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கித்தான் காரில் ஏற்றினோம்.

நான் போனில் விஷயத்தைச் சொல்ல, பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கோதண்டம் வந்தபோது அவளுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது. கட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என் உசுரு அந்தப் பொட்டுல இருந்திருந்தா நான் இன்னேரம் ரோட்ல கெடக்கணும். நான் நல்லாத்தான கீறேன்? நீதான பொசுங்கினு வந்து கீற!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணா, மறைச்சிப் போட்டுக்கச் சொன்னதே நான்தான்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். என் கழுத்தையே பார்த்தார். "உன்னுது இப்ப எங்கம்மா கீது?"

என் கை தானாக ஜாக்கெட்டுக்குப் போனது. உள்ளேதான் இருந்தது. அத்தனையும் கண்ணால் பார்த்த பிறகும்.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன்னே, எல்லார் எதிரிலும் ஊக்கைக் கழற்றி என் சங்கிலியை ஸ்ரீநாத் தம்பி மேசையில் வைத்தேன். "தம்பி, நானும் மறைச்சிதான் போட்டுகினு இருந்தேன். மன்னிச்சிடுப்பா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின் மேசை விஜி எழுந்து வந்தாள். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டாள். அவளுடையதும் மேசைக்கு வந்தது. அடுத்து சித்ரா. அதற்குப் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து வைத்தாள். பதினோரு பெண்களில், அஞ்சலையோடு சேர்த்து, ஒன்பது பேர். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்திருக்கிறாள். நானோ, நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தேன்.

ஸ்ரீநாத் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எட்டு மாசமா அக்கா? எட்டு மாசமா இப்படியேவா குனிஞ்சீங்க?" என்றவர், நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வந்து அஞ்சலைக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஒம்போது பேரா?" என்றாள். பிறகு அவசரமாக, "அக்கா, இன்னிக்கு யார்னா பேட்டரி தொறந்தாளுங்களா?"

"இல்ல, இன்னும் யாரும் தொறக்கல."

"போய் அங்கயே நில்லுக்கா. எல்லாரும் கழட்டிட்டாளுங்களான்னு நீயே பாத்துட்டு வா. நான் போனை வெக்க மாட்டேன்."

நான் உள்ளே போனேன்.