பத்துப் பரிமாணமும் பத்துப் பிள்ளைகளும்

தனியார் கல்லூரியில் வாத்தியார் வேலை என்றால் ஜூனிலிருந்து மார்ச் வரை பாடம் நடத்த வேண்டும்; ஏப்ரலும் மேயும் பிள்ளை பிடிக்க வேண்டும். உங்களில் யாராவது நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலில் ஊர் ஊராக அலைந்து, "உங்க வீட்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளை இருக்கா?" என்று கேட்டிருந்தால் நீங்கள் என் இனம். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள்.

2003 வாக்கில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர், இன்ஜினியரிங் என்று ஓடிய காலம். பத்துப் பேர் சேராவிட்டால் இயற்பியல் பிரிவை மூடிவிடுவேன் என்று செயலர் சொல்லிவிட்டார். மூடினால் என் ஏழு வருஷ வேலையும் போகும்.

ஒரே குச்சி

நான் எம்ஃபில்லில் ஆசை ஆசையாகப் படித்தது இழைக் கோட்பாடு. அதைச் சொன்னால் பிள்ளைகள் மயங்கி வந்துவிடுவார்கள் என்று நம்பி, நோட்டீஸில் நாலு வரி எழுதிச் செயலரிடம் கொண்டுபோனேன். அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி; எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள். "இழைன்னா என்ன சார்?" என்றார். கல், மண், வெளிச்சம் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிகமிகச் சின்ன இழைகள்தான் இருக்கும், ஒவ்வொன்றும் அதிர்கிற விதத்தைப் பொறுத்து ஒன்று எலக்ட்ரானாகத் தெரியும், இன்னொன்று ஒளியாகத் தெரியும் என்றேன். அந்த இழைகளுக்கு நம் நீள, அகல, உயரம் பற்றாது; காலத்தையும் சேர்த்துப் பத்துப் பரிமாணம் வேண்டும், நாலுதான் நமக்குத் தெரிகிறது, ஆறு சுருண்டு கிடக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் மேசை டிராயரைத் திறந்து நாலைந்து தீப்பெட்டிகளை எடுத்துப் பரப்பினார். மயில், மாம்பழம், ரோஜா என்று படம்தான் வேறு. லேபிள் வெளியே ஒட்டுவது, அதிர்வு அப்படியில்லை என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"நம்ம ஆபீஸ்லயும் இதான நடக்கு? ஒரே குச்சி, லேபிள்தான் வேற. இதுக்கா சார் இத்தன வருசம் படிச்சிய?"

கடம்பூர்

போளி வாங்க நின்ற கூட்டம் குறைந்ததும் கடைக்கார அண்ணாச்சியிடம் நோட்டீஸை நீட்டினேன். அவர் மகன் நல்ல மார்க். மனுஷர் பொறுமையாகக் கேட்டார். "இந்த இழையப் பாத்தவுக யாரும் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "மிசின் வச்சாவது?" அதற்கும் இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். கூட வந்திருந்த கம்ப்யூட்டர் வாத்தியார் படிப்பு முடியும் முன்பே வேலை வாசலுக்கு வரும் என்று கூசாமல் சொன்னார். பையன் கம்ப்யூட்டருக்குப் போனான்.

"பாக்காதத நம்பி நான் கோயிலுக்குப் போவேன் சார். மகனக் காலேசுக்கு அனுப்ப மாட்டேன்."

பசுவந்தனை

அங்கே ஆடு வளர்க்கிறவர் ஒருவரின் மகள் இயற்பியலில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். என் பிரிவுக்கு அவள் வேண்டும். அப்பாவோ ஆட்டுப்பட்டியை விட்டு நகரவில்லை. அங்கேயே நின்று, காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்த கரிசலைக் காட்டினேன். "ரோட்ல நின்னு பாத்தா அந்த வெடிப்பு வெறும் கோடு. கிட்டப் போனா அகலம் தெரியும். கைய விட்டாத்தான் ஆழம் தெரியும். அந்த ஆறு பரிமாணமும் அப்படித்தான் அண்ணாச்சி, இருக்கு, நாமதான் தூரத்துல நிக்கோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிதான். ஆட்டுக் காலு உள்ள போயி முறியும்போதுதான் அங்கன ஒண்ணு இருக்குன்னே தெரியுது" என்றார். நான் ஆடிப்போனேன். கண்ணுக்குத் தெரியாத பரிமாணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு, ஏதோ ஒன்று அதற்குள் விழுந்து காணாமல் போவதைக் கவனி என்பதுதான் பதில். ஏழு வருஷத்தில் என் வகுப்பில் ஒருவனும் அதைத் தானாகச் சொன்னதில்லை. சந்தோஷத்தில் சேர்க்கைப் படிவத்தை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. என் செருப்பை, வியர்வையில் நனைந்த சட்டையை, மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இம்புட்டும் படிச்ச நீங்க, எதுக்கு சார் இந்த வெயில்ல எங்க பட்டி வாசல்ல நிக்கிய?"

நாலும் ஆறும்

சேர்க்கையின் கடைசி நாள் இயற்பியலுக்கு நாலு பேர். அதில் பசுவந்தனைப் பிள்ளையும் ஒருத்தி. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தாளாம். இன்னும் ஒரு வாரம் தாருங்கள் என்று செயலரிடம் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அலுவலகத்தில் எல்லாரும் இருந்தார்கள். செயலர் சொன்னதற்கு எல்லாரும் சிரிக்கவும் செய்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"பத்துல நாலுதான கண்ணுக்குத் தெரியுது? மிச்சம் ஆறும் எங்கயாவது சுருண்டு கெடக்கும், நீங்க போயித் தேடுங்க சார்."

கையெழுத்து

நாலு பேரையும் வணிகவியலுக்கு மாற்றினார்கள். மாற்றுப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்குகிற வேலையை என்னிடமே கொடுத்தார்கள். அதுதான் அங்கே எனக்குக் கடைசி வேலை. பசுவந்தனைக்காரர் மகளுடன் வந்தார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எந்த முகத்தோடு அவளிடம் பேசுவது? பேனாவை மட்டும் நீட்டினேன். அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் மேசையில் கட்டி வைத்திருந்த புத்தகங்களைப் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒங்க காலும் உள்ள போயிட்டா சார்?"

இழைக் கோட்பாட்டை இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்கிறார்கள். நான் இரண்டு மாதம் கரிசல் வெயிலில் சோதித்துப் பார்த்துவிட்டேன், தோற்றது கோட்பாடு இல்லை.