யாரும் நம்பாத சுற்றுலா

ஜனவரியில் பாரிசுக்குத் தனியாகப் போகலாமா என்று இன்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். எண்பதுகளில் நான் போயிருக்கிறேன்.

பல நாள் யாரிடமும் வாய் திறக்காமல் சுற்றிவிட்டு, ஈழத்தமிழர் கடைகள் இருக்கும் லாச்சப்பல் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குள் நுழைந்தேன்.

"தனியவோ வந்தனீங்கள்?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க. சும்மா ஊர் சுத்திப் பாக்க."

"ஓம், நாங்களும் வரேக்கை அப்பிடித்தான் சொன்னனாங்கள்." குரலைத் தாழ்த்தினார். "பயப்பிடாதேங்கோ அண்ணை. எங்கட அறையில இன்னொரு பாய் போடலாம்."

என்னையும் அகதி என்று நினைத்துவிட்டார். மெட்ராஸ் திரும்பும் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன்.

வெகுநேரம் அதையே பார்த்தார். "குடுத்து வைச்சனீங்கள்" என்று சொல்லி, மிக்சர் பொட்டலத்தை நீட்டினார். அதை ஹோட்டல் அறையில் தனியாகத் தின்றேன்.

கேட்டவருக்கு: தாராளமாகப் போங்கள். யாராவது பாய் போடுகிறேன் என்றால் மட்டும் டிக்கெட்டை வெளியே எடுக்காதீர்கள்.