கேட்டுத் தூணில் சிவப்புக் கோடுகள்

செஞ்சியில் எங்கள் வீட்டுக் கேட்டுத் தூணின் உள்பக்கத்தில் போன மாதம்வரை சிவப்பு பெயின்டில் நாலு கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை அடி இடைவெளி. புதிதாக வருகிறவர்கள் பிள்ளைகளின் உயரத்தை அளந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவை எங்கள் தெரு ரோட்டின் உயரம். ரோடு போட வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியையும் புதுத் தாரையும் கொட்டி உருட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் என் நைனா ரசமட்டத்தையும் ஒரு நீளப் பலகையையும் எடுத்துக்கொண்டு கேட்டருகே உட்காருவார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் நீர்க்குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை பலகையை ஏற்றி இறக்கி, புது ரோட்டின் உயரத்தைத் தூணில் கோடாக இழுப்பார். நாலாவது கோடு எங்கள் வீட்டுத் தரைக்கு நேராக நின்றது.

நைனா சிவில் எஞ்சினியரிங் பேராசிரியர். நில அளவை பாடத்தை முப்பது வருஷம் நடத்தியவர். காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்குப் போய், சாயங்காலம் கையில் ஒரு கட்டுக் கீரையோடு திரும்புவார். பஸ்ஸுக்கு முன்னால் வீட்டில் பாதி வேலை அவருடையது. பீன்ஸ் அவர் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே நீளம். பள்ளிக்கூட நாட்கள் முழுக்க எனக்குத் தலை வாரிவிட்டவரும் அவர்தான். வகிடு கோணினால் அவிழ்த்துவிட்டு மறுபடி வாருவார். பிரேயர் மணி அடித்துவிடும் என்று நான் அழுதால், "கோணலா எடுத்துட்டுப் போனா மட்டும் மணி அடிக்காதா?" என்பார். எங்கள் மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தப் பிரியத்தையும் மட்டம் பார்த்துத்தான் வைப்பார் என்பதுதான் தொந்தரவு.

வருஷத்துக்கு ஒரு முறை மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்து வருவார். ராஜகிரி அடிவாரத்தில் அசையாத ஒரு பாறையில் குறி வைத்து, அங்கிருந்து உயரம் அளந்துகொண்டே கல்யாண மஹாலைச் சுற்றி, மறுபடி அதே பாறையில் வந்து முடிக்க வேண்டும். கிளம்பிய உயரமும் வந்து சேர்ந்த உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை ஒரு பையனின் கணக்கு மயிரிழைகூட வித்தியாசமில்லாமல் சரியாக வந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். நைனா நோட்டை மூடி அவன் கையில் கொடுத்து, "இவ்ளோ சுத்தமா வந்தா அது பொய். போய் மறுபடி அள" என்றார். அவன் நிஜமாகவே அளக்காமல் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருந்தான். இரண்டு முறை அந்த வெயிலில் சுற்றிவந்தான். எங்கள் வீட்டிலிருந்து மோர் கொண்டுபோயிருந்த நான் பாறை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நைனா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தப்பு வரத்தான் செய்யும். வந்த தப்ப ஒரே எடத்து மேல போடாத. எல்லாப் புள்ளிக்கும் பங்கு போட்டுக் குடு."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் சொன்ன மனிதர் தன் வீட்டு விஷயத்தில் மொத்தத் தப்பையும் ரோட்டின் தலையில் கட்டினார். வீடு கட்டும்போது ரோட்டிலிருந்து இரண்டடி உயர்த்திப் போட்டார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அசையாத கல்லைப் பார்த்துத்தான் உயரம் எடுக்க வேண்டும் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவர், ரோட்டை அசையாது என்று நம்பிவிட்டார். ரோடு போடுகிறவர்களும் தன்னைப் போலவே புத்தகம் படித்திருப்பார்கள் என்று நினைத்தார்! இரண்டாவது கோட்டிலேயே முற்றத்தில் தண்ணீர் நின்றது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் தரையைத் தூக்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டு பாய் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கினார். நைனா மட்டும் மனு எழுதினார். குறுக்குவெட்டு வரைபடம், நாலு கோட்டின் அளவுகள், எல்லாவற்றையும் இணைத்து, திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்பார். வாங்கிக்கொள்கிறவர்கள் சீல் குத்தித் தருவார்கள். அந்தச் சீலையே பதிலாக எண்ணி ஃபைலில் வைப்பார்.

நாலாவது கோட்டுக்குப் பிறகு வந்த ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. அதை முறத்தால் தள்ளிக்கொண்டிருந்த அம்மா வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவளை ஒரு குழந்தையைப் போல நைனா பார்த்துக்கொண்டார் என்பதை மறைக்க மாட்டேன். தலை வாரிவிட்டார், ஊட்டிவிட்டார், நர்ஸ்களை நகம்கூட வெட்டவிட மாட்டேன் என்றார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நான் ஜாக்கிக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தபோது பழைய பல்லவியையே பாடினார். "தப்பு பண்ணது ரோடு. நான் எதுக்கு வீட்டத் தூக்கணும்? இன்னிக்கி நான் தூக்கினா அவன் நாளைக்கி இன்னும் அரையடி ஏத்துவான்."

"அம்மா இடுப்பு உடைஞ்சதும் ரோடு பண்ண தப்புதானா நைனா?" என்று கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை புது மனுவோடு கிளம்பிவிட்டார். அதில் அம்மாவின் எக்ஸ்ரேவையும் இணைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திண்டிவனத்தில் என் வீட்டிலிருந்துகொண்டு மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். நாலாவது மாதம், ஒரு காலையில், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது தட்டில் பாதி பீன்ஸ் ஒரே நீளத்தில் கிடந்தது. அவர் மேல் எனக்கிருந்த கோபத்தை அவரிடமே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் ஐந்தாவது முறையாக ரோடு போட வந்தார்கள். காண்ட்ராக்டருடைய எஞ்சினியர் நாற்பதைத் தொடும் ஆள். பழைய ரோட்டைச் சுரண்டச் சொல்லிக் கேட்க நைனாவின் ஃபைலோடு போனேன். அவர் முதல் பக்கத்தின் கையெழுத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினார். "சார் வீடாக்கா இது? மலையடியில என்ன ரெண்டு ரவுண்டு நடக்க வச்சாரே..." என்றார். எனக்கு ஒரு நிமிஷம் உலகமே நியாயமாக மாறிவிட்டதுபோல் இருந்தது. தூணில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சுரண்டறது எஸ்டிமேட்லயே இல்லக்கா. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். மூன்றாம் நாள் புது ரோடு அரையடி ஏறிவிட்டது. உருளை வண்டி எங்கள் வாசலைத் தாண்டியபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

அன்றே ஜாக்கிக்காரர்களுக்குப் போன் செய்தேன். அம்மா தடுப்பாள் என்று பயந்தேன். அவள் வாக்கரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, மேஸ்திரி டேப்பை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோட்டுலேந்து ரெண்டடி தூக்கிடலாம்மா, போதும்" என்றார் அவர்.

"ரோட்டுலேந்து அளக்காதப்பா" என்றாள் அம்மா. "ரோட்ட நம்பித்தான் அவரு ஏமாந்தாரு. பாதித் தப்பு என்னோடது. சண்ட போட்டுத் தூக்க வச்சிருக்கணும், அவர் படிச்சவராச்சேன்னு உட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கும் கொஞ்சம் பங்கு இருக்குது. மூணு மாசம் பேசாத இருந்தியே" என்றாள்.

எதிர்வீட்டு பாய் வீட்டுக்குச் சமமாகத் தூக்கச் சொல்லி முடிவு செய்தோம். கேட்டுத் தூணை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித்தருவதாக மேஸ்திரி சொன்னார். அம்மா சம்மதிக்கவில்லை. மேஸ்திரி போனதும், "ஃப்ரிட்ஜ் மேல மட்டம் இருக்குது, எடுத்தா" என்றாள். பலகையின் ஒரு முனை ரோட்டில், மறு முனை தூணில். குமிழி நடுவுக்கு வருவேனா என்றது. எனக்குப் பொறுமை போயிற்று, கிட்டத்தட்ட வந்ததும் இழுத்துவிட்டேன். ஐந்தாவது கோடு வீட்டுத் தரைக்கு அரையடி மேலே, லேசாகக் கோணலாக விழுந்தது. அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.

"அழிச்சிட்டு மறுபடி போடுடி" என்றாள்.