என் தோளையும் என் மகளையும் தொட்ட ஆண்டவர்

பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாமல் போன ஒரு காலம் எனக்கு வந்தது. சகோதரங்களே, அதைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்ல நிற்கிறேன்.

என் பெயர் ஜெனிற்றா. பனிச்சங்கேணியில் இருக்கிறோம். கணவர் ஜெயசீலன் ஆற்றில் நண்டுவலை போடுகிறவர். எங்களுக்கு ஒரே பிள்ளை, கிருபா. பதின்மூன்று வயது. மாதம் நிறையாமல் பிறந்தவள். கால்கள் இரண்டும் விறைத்துத்தான் இருக்கும், நடக்கமாட்டாள். பேச்சும் ஒன்றிரண்டு சொல்தான். ஆனால் வீட்டில் நடக்கிற எல்லாம் அவளுக்கு விளங்கும். கட்டிலில் இருந்து கதிரைக்கு, கதிரையில் இருந்து கிணற்றடிக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று எல்லாம் என் கையில்தான். அவள் வளர வளர நானும் அந்தப் பாரத்துக்குப் பழகிவிட்டேன்.

போன மாரி தொடங்கின நேரம் என் வலது தோளில் ஒரு குத்து வந்தது. தைலம் பூசினேன். குளிசை போட்டேன். குத்து வலியானது, வலி இறுக்கமானது. சட்டை மாற்ற முடியவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் இருந்து ஒரு கோப்பையை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் உயிர் போகும். அப்போதும் பிள்ளையைத் தூக்கினேன். வேறு யார் தூக்குவார்கள்?

தை மாதம் ஒரு காலையில் அவளைக் கிணற்றடியில் குளிப்பாட்டினேன். துவாயால் சுற்றித் தூக்கினபோது தோளுக்குள் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. கை தானாக விட்டுவிட்டது. பிள்ளை கிணற்றுச் சுவரில் அடிபட்டு விழுந்தாள். நெற்றி பிளந்து இரத்தம் ஓடியது. நான் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அம்மா நோகுதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு நான் உடைந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டு அனுப்பினார்கள். செய்தி கேட்டு மாங்கேணியில் இருந்து கணவரின் அக்கா ஓடி வந்தா. எங்களோடு பாசமான மனுசி. பிள்ளைக்குக் கஞ்சி பருக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தா.

"ஜெனி, கோபிக்காதகா. இனி உன்னால ஏலா. டவுண் பக்கம் இப்பிடிப் பிள்ளைகளப் பாக்கிற இல்லம் ஒண்டு இருக்காம். அங்க விட்டா அவளுக்கும் நல்லம், உனக்கும் நல்லம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஆத்துக்குப் போனா நீ தனிய என்ன புள்ள செய்வாய்? மறுகாவும் விழுந்தா?"

அவர்கள் சொன்னதில் பிழை இல்லை.

அன்று பின்னேரம் கிருபா நித்திரையாகிவிட்டாள். அவளுடைய கட்டிலோரம் நிலத்தில் இருந்தேன். இரண்டு கையையும் கூப்ப முடியவில்லை. இடக்கையால் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "ஆண்டவரே, எனக்கு வேற ஒண்டும் வேணாம். இவளத் தூக்கிறதுக்கு மட்டும் இந்தக் கையத் தாங்க. இவள என்னட்ட இருந்து எடுத்துராதீங்க." வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

தையல் வெட்டுகிற நாள் வந்தது. கணவர் தொழிலை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். தையல் வெட்டின டொக்டர், பிள்ளையின் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். நான் இடக்கையால் பிடித்தேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு, "அம்மா, அந்தக் கைக்கு என்ன?" என்று கேட்டார். நான் மகளுக்காகத்தான் போனேன். என் தோளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் என் கையைத் தூக்கிப் பார்த்து, தோள்மூட்டு இறுகிவிட்டது என்று சொல்லி, அன்றைக்கே பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவ றிஸ்னா மிஸ், ஏறாவூர்ப் பிள்ளை. லேசர் பிடிப்போம் என்றா. "சுடுமா மிஸ்?" என்று கேட்டேன்.

"சுடாதக்கா. வெட்டுற லேசர் இல்ல இது. ஒண்டும் தெரியாது, பாருங்களன்."

கண்ணுக்குக் கெடுதல் வராமல் அறையில் இருந்த எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். கிருபாவுக்கும் ஒன்று போட்டார்கள். என்னையும் தகப்பனையும் அந்தக் கண்ணாடியோடு பார்த்து அவள் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். அடிபட்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

பேனை மாதிரி ஒரு கருவியை மிஸ் என் தோளில் இடம் இடமாக வைத்து வைத்து எடுத்தா. சூடும் இல்லை, குத்தும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "இந்த டோர்ச் வெளிச்சத்துக்கா இவ்வளவு தூரம் வந்தம்?" என்றார். எனக்கும் அந்த எண்ணம்தான். ஆனாலும் கிழமை தவறாமல் போனோம். லேசர் வலியைத்தான் குறைக்கும், மூட்டைத் திறக்கிறது பயிற்சிதான் என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தா. கண்ணீரோடு சுவரில் விரலால் ஊர்ந்து ஊர்ந்து கையை ஏற்றினேன். முதல் கிழமைகளில் ஒரு மாற்றமும் இல்லை. ஆண்டவரிடம் கோபித்தும் இருக்கிறேன்.

ஒருநாள் காலை கிருபாவுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து அவள், "அம்மா! கை!" என்று கத்தினாள். பார்த்தால் என் வலக்கை அவள் உச்சிக்கு மேலே நிற்கிறது. எப்போது உயர்ந்தது என்று எனக்கே தெரியாது. சீப்பைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். "இயேசப்பா, இயேசப்பா" என்றுதான் வாயில் வந்தது.

இனிப் பிள்ளையைத் தூக்கலாம் என்று மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவ தலையாட்டவில்லை.

"அக்கா, மகள் வளந்துட்டா. இப்பிடியே தூக்கினா மறுகாவும் தோள் போயிரும். நான் இவ்வளவு நாளும் அவட ரெண்டு காலையுந்தான் பாத்துக்கிட்டு இருந்தன். ஊண்டுறதுக்குப் பெலன் இருக்கு. பழக்கினா எழும்புவா, இன்ஷா அல்லாஹ்."

நான் என் மனதுக்குள் ஆமென் என்றேன்.

அதன் பிறகு எனக்கு லேசர், அவளுக்குப் பயிற்சி. கணவர் கட்டிலோரம் இரும்புக் குழாய் நட்டு சீமெந்து போட்டார். அதைப் பிடித்து, நான் இடுப்பைத் தாங்க, பிள்ளை நடுங்கி நடுங்கி எழும்பப் பழகினாள். எத்தனையோ தரம் கட்டிலிலேயே விழுந்தாள். விழுந்து சிரித்தாள். இன்றைக்குக் கட்டிலில் இருந்து கதிரைக்கு அவளே எழும்பித் திரும்பி உட்காருகிறாள். நான் கையைக் கொடுத்தால் போதும். கணவரின் அக்காவும் வந்து பார்த்து அவளை முத்தமிட்டா. இல்லத்தின் கதையை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

என் தோள் முழுதாகச் சுகமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். குளிர் நாளில் இன்னும் நோகும். ஆனால் நான் பாரம் தூக்க ஒரு கை கேட்டேன். ஆண்டவர் அந்தப் பாரத்தையே எழும்பி நிற்க வைத்தார். அவ்வளவு பெரிதாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

உங்களில் வலியை மறைத்துக்கொண்டு மற்றவர்களைத் தூக்குகிற தாய்மார் இருப்பீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். வைத்தியரிடமும் போய்க் காட்டுங்கள். இரண்டுக்கும் வெட்கப்படாதீர்கள். அவர் எந்தக் கையால் தொடுவார் என்று நமக்குத் தெரியாது.

இப்போது துதிப்பாட்டுக்கு எல்லாரும் எழும்பப் போகிறோம். ஒரு சின்ன நேரம் பொறுங்கள். என் மகளும் எழும்ப வேண்டும்.