ஒருதடவைக்காரரின் வலது கை

பட்டறையில் அவருக்கு ‘ஒருதடவைக்காரர்’ என்று பேர். எந்த வேலையையும் ஒரு தடவை பார்த்தால் போதும், கைக்கு வந்துவிடும். புது மெஷின் வந்து இறங்கினால் மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இவர் சாயங்காலத்துக்குள் அதில் இரும்பைக் கடைந்து காட்டிவிடுவார். இரண்டாம் தடவை முயல்கிறவர்களைக் கண்டாலே இளக்காரம்.

மனைவி தையல் கற்றது முட்டி மோதித்தான். ஒரு சட்டைக் கையை நாலு தடவை பிரித்துத் தைப்பாள். “தைக்கக் கத்துக்கிறியா, பிரிக்கக் கத்துக்கிறியா?” என்று போகிற போக்கில் குத்துவார். அவள் காதில் வாங்காமல் நூலைக் கோப்பாள். பிறகு அந்தத் தெருவுக்கே அவள்தான் தைத்தாள்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தேறியது, கால் தேறியது. வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: “சட்டை பட்டனை அவரே போடட்டும்மா. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். இப்ப விட்டா விரல் இறுகிடும், அப்புறம் திறக்காது.”

பட்டன் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வழுக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டையைக் கழற்றி வீசினார்.

“கொஞ்சம் பொறுங்க. இன்னொரு தடவை…”

“என்னையும் உன்னை மாதிரின்னு நெனச்சியா? வர்றதா இருந்தா வந்திருக்கும்டி.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடை நடுங்கியதை அவள் பார்த்துவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. மதியம் அவர் தூங்கும்போது சட்டைகளையெல்லாம் எடுத்து, பட்டன்களை அறுத்து, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பட்டையை உள்ளே வைத்துத் தைத்தாள். வெளியே ஒப்புக்கு ஒரு பட்டன் வரிசை. கஷ்டப்பட்டால்தான் கை படியும் என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் தைத்தாள்.

இடது கையால் ஒரு தட்டு, சட்டை மூடிக்கொண்டது. “பரவாயில்லையே, நல்லாத்தான் தைச்சிருக்கே” என்றார். கல்யாணமானதிலிருந்து அவள் தையலை அவர் மெச்சியது அன்றுதான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“பட்டன் போடுறீங்களா சார்?” என்று பயிற்சிப் பெண் கேட்கும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். கையைத் தொட வந்தால், வலிக்கிறது என்று இழுத்துக்கொள்வார். மனைவி அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள்.

ஒருநாள் அந்தப் பெண் விடவில்லை. கையைப் பிடித்து விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். அசையவில்லை. அவர் கையை இழுத்த இழுப்பில் சட்டை சர்ரென்று திறந்துகொண்டது. அவள் பட்டையைப் பார்த்தாள், அடுப்படி வாசலைப் பார்த்தாள்.

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

“பாவமா இருந்துச்சு.”

இப்போது மடங்கியது மடங்கியதுதான். நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிறது. ஈரத்துணியைத் திரியாக முறுக்கி விரலிடுக்கில் விட்டு அழுக்கெடுக்கிறாள். பிறகு சின்னக் கத்தரியின் முனையை உள்ளே நுழைக்கிறாள்.

“வலிக்குதா?”

“நீ பாட்டுக்கு வெட்டு” என்கிறார், சுவரைப் பார்த்தபடி.

மெதுவாகத்தான் வெட்டுகிறாள். அவசரப்பட்டால் ரத்தம் வந்துவிடும்.