பின்னுக்கு வரும் வானுக்கு ஒரு பாட்டு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள், பெட்டிகளோடு ஒரு கதிரையையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தாள். நாலு வயதுப் பேத்தியை வாகனத்தில் இருத்திக் கட்டுவதற்கான கதிரை. அங்கே அது இல்லாமல் சின்னப் பிள்ளையைக் காரில் ஏற்றினால் குற்றமாம். அதில் இருந்த வார்களை எண்ணினேன், ஐந்து. எங்கள் வீட்டில் பதினொரு கதிரைகள் இருக்கின்றன, ஒன்றிலும் ஒரு வார்கூட இல்லை. ஆனாலும் இதுவரை ஒருவரும் விழவில்லை என்று மனைவி சொன்னாள். நான் சிரிக்கவில்லை. தபாலகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே முத்திரைகளை இரண்டு தரம் எண்ணாமல் எனக்கு நித்திரை வராது.

எங்கள் ஒழுங்கை ஒரு வான் நுழையுமளவுக்குத்தான் அகலம். இரண்டு பக்கமும் மதில். உள்ளே வந்த வாகனம் திரும்ப இடமில்லை. பின்னுக்கு எடுத்துத்தான் வெளியேற வேண்டும். பிள்ளைகள் விளையாடுவதும் அதற்குள்தான். பேத்தியோடு சேர்த்தால் ஒன்பது பேர். நாய்களை நான் இதில் சேர்க்கவில்லை.

மகள் வந்த இரண்டாம் நாள் கோயிலுக்குப் போக வாடகை வான் பிடித்தோம். வான்காரத் தம்பி பக்கத்து ஊர், நல்ல பொறுமைசாலி. நாங்கள் ஏறுமுன் அவர் வானைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். அப்போதுதான் பேத்தி வானுக்குப் பின்னால் குந்தியிருந்து ஏதோ சிப்பி பொறுக்குவதைக் கண்டேன். கைத்தடியால் வானின் பக்கத்தில் ஓங்கி அடித்தேன். வான் நின்றது. சில்லுக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு முழம்.

மகள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வான்காரத் தம்பியின் முகத்தில் இரத்தமே இல்லை.

“அக்கா, நான் கண்ணாடியைப் பாத்துத்தான் எடுத்தனான். பிள்ளை கண்ணாடியில தெரியிறதுக்குக் கட்டை.”

“அதுக்குத்தான் அங்க சட்டம் வைச்சிருக்கினம்,” என்றாள் மகள். “புது வாகனம் எண்டா பின்னுக்குக் கமரா இருக்கவேணும். ஏதாவது ஒண்டு பூட்டுமட்டும் இந்த வான் ஒழுங்கைக்குள்ள வராது. சாட்டியும் இல்லை.”

சாட்டிக் கடலுக்குக் கூட்டிப் போவதாகப் பேத்திக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் வந்த நாளிலிருந்து நீச்சல் உடுப்போடுதான் படுத்தெழும்பினாள். பெரிய வீதிவரை நடந்துபோய் வானில் ஏறலாம்தான், ஆனால் என் முழங்கால்கள் விடா. நான் வராவிட்டால் தானும் போவதில்லை என்று பேத்தி சொல்லிவிட்டாள்.

எங்கள் நாட்டில் அப்படியொரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அது இன்னும் பண்ணைப் பாலத்தைக் கடந்து எங்கள் தீவுப் பக்கம் வரவில்லை. ஆகவே நானும் வான்காரத் தம்பியும் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போனோம். கமரா முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வரும் என்றார் கடைக்காரர். (வந்தது, பூட்டினோம், ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகவே அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.) எனக்கு அது மட்டும் போதுமென்று படவில்லை. கமரா சாரதிக்குச் சொல்லும், பிள்ளைக்கு யார் சொல்வது? பின்னுக்கு எடுக்கும்போது சத்தம் போடும் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எட்டு விதமான சத்தங்கள். ஒன்று அம்புலன்ஸ் போல அலறியது. இன்னொன்றில் யாரோ ஒரு பெண் விளங்காத பாஷையில் ஏசினாள். ஆறாவது மட்டும் இனிமையான இசை; எங்கேயோ கேட்டதுபோலவும் இருந்தது. பிள்ளைகள் பயப்படாமல் விலகுவார்கள் என்று அதையே பூட்டச் சொன்னேன். எங்கே கேட்டேன் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை சோதனை. ஒழுங்கையில் ஒரு பிள்ளையும் இல்லை. மகள் பேத்தியின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். தம்பி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கியரை மாற்றினார். பாட்டுத் தொடங்கியது.

முதலில் வந்தவன் கையில் தட்டு இருந்தது. பிறகு ஒவ்வொரு வீட்டுப் படலையும் திறந்தது. அடுத்த ஒழுங்கைப் பிள்ளைகளும் மதிலால் குதித்தார்கள். கடைசியாக என் பேத்தி தாயின் கையை உதறிவிட்டு ஓடினாள். பதின்மூன்று பேர், எல்லோரும் வானின் பின்கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கதவைத் தட்டி மீன் வைத்த மாலுபாண் இருக்கிறதா என்று கேட்டாள்.

வீடு வீடாகப் பாணும் பணிசும் விற்கிற ஓட்டோவின் பாட்டு அது. தினமும் காலையில் கேட்பது.

“பிள்ளையளை விலத்தப் பூட்டச் சொன்னா, கூப்பிடுறதுக்குப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் இந்த மனுசன்,” என்றாள் மனைவி.

மகள் முதலில் பேத்தியைப் பிடித்து இழுத்தாள், பிறகு வாசற்படியில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தாள். சட்டம் எழுதுகிறவர்கள், சத்தம் வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன சத்தம் என்பதையும் எழுத வேண்டும்.

அந்த நேரம் பார்த்து உண்மையான பாண் ஓட்டோவும் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. அதனிடம் ஒரு பிள்ளையும் போகவில்லை. பாண்காரர் இறங்கி வந்து நிலைமையைப் பார்த்தார்.

“ஐயா, பாட்டு உங்களிட்ட நிக்குது, பாண் என்னட்ட நிக்குது. இப்ப என்ன செய்வம்?”

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. பிள்ளைகள் பாட்டுக்கு வரவில்லை, பாணுக்குத்தான் வருகிறார்கள். பாண் இருக்கிற இடம் வானுக்கு முன்பக்கம் என்றால் பின்பக்கம் தானாகவே வெறுமையாகிவிடும். பதினைந்து பணிஸ் வாங்கி, அத்தனை பிள்ளைகளையும் எங்கள் வளவுக்குள் வரப்பண்ணி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். மனைவி படலையைச் சாத்திக்கொண்டு காவல் நின்றாள். உள்ளே பன்னிரண்டு பேர், வானுக்குள் ஐந்து வார்களோடு பேத்தி. கையில் பணிஸ் இல்லாத பிள்ளை ஒன்றுமில்லை. இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் ஏறினேன். பெட்டியைக் கழற்ற அந்த நேரம் தம்பியிடம் குறடு, சாவி ஒன்றும் இல்லை. ஆகையால் பாட்டோடேயே பின்னுக்கு வந்தோம். வளவுக்குள்ளிருந்து பிள்ளைகள் வாய் நிறையப் பணிசோடு கூவினார்கள்.

பேத்தி பொழுது சாயும்வரை கடலில் கிடந்தாள். நான் கரையில் இருந்து அவள் தலையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் ஒன்றுதான் வந்தது.

திரும்பும் நேரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாட்டியில் நல்ல சனம், வானுக்கு முன்னால் மரம். தம்பி என்னைப் பார்த்தார், நான் மகளைப் பார்த்தேன். மகள் இறங்கி வானின் பின்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். தம்பி கியரை மாற்றினார்.

மீதிப் பணிசோடு நானும் இறங்கினேன். என்னிடம் இருந்தவை இரண்டு. கடலிலிருந்து ஈரம் சொட்ட ஓடிவந்தவர்களை எண்ணத் தொடங்கினேன். பதினேழில் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள்.