சலூன் வண்டிக்கு இரண்டாவது பேட்டரி

அந்த வேனை ஓட்டுவது மனைவி. அதற்குள் முடி வெட்டுவது கணவன். அவளை எல்லோரும் 'கிளட்ச் அக்கா' என்பார்கள். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பின்னாலிருந்து நாலு பேர் வண்டியைத் தள்ளும்போது எந்த நொடியில் காலை எடுத்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்பது அவளுடைய இடது காலுக்கு அத்துப்படி.

முன்பு அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் புது வண்டி வாங்கிப் பழையதைக் கழித்தபோது அதை இவளே வாங்கிவிட்டாள். அதே சமயத்தில்தான் அவள் கணவன் கடை வைத்திருந்த கட்டிடத்தை இடித்தார்கள். அவன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இவள் உட்காரவில்லை. வண்டியின் சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, சலூன் நாற்காலி ஒன்று, கண்ணாடி ஒன்று, கை கழுவும் தொட்டி ஒன்று என்று பொருத்தி, "ஏறுங்க, கடைக்கு நேரமாச்சு" என்றாள்.

எல்லாம் சரிதான், பேட்டரிதான் ஒன்றே ஒன்று. இஞ்சினை எழுப்புவதும் அதன் வேலை; மெஷினுக்கும் டிரையருக்கும் விளக்குக்கும் தீனி போடுவதும் அதன் வேலை. மதியத்துக்குள் அது வாயைப் பிளந்துவிடும். அப்புறமென்ன, முடி வெட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். வங்கி மேனேஜர்கூடச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளியிருக்கிறார். கணவனுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. "நம்ம வண்டிய தள்ளாத மனுசன் இந்த ஏரியாவுலேயே கிடையாது" என்று மார் தட்டிக்கொள்வான். அவள் முறைப்பாள்.

அவளுக்கு உறுத்தல் வேறு. அவள் தம்பி வண்டி மோதி முதுகெலும்பு அடிபட்டு, ஊருக்கு வெளியே உள்ள ஒரு காப்பகத்தில் இருந்தான். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் சக்கர நாற்காலிக்காரர்கள். முடி வளர்ந்தால் யாரோ ஒருவர் வந்து எல்லோர் தலையையும் ஒரே மாதிரி வழித்துவிட்டுப் போய்விடுவார். தம்பிக்கு முடிமீது கொள்ளை ஆசை. சின்ன வயதில் கண்ணாடியை விட்டு நகரமாட்டான்.

"நான் மட்டும் கத்திரி எடுத்துக்கிட்டு பஸ்ல வந்து வெட்டி விடவா மாப்ள?" என்று ஒருமுறை அவனைப் பார்க்கப் போயிருந்தபோது கணவன் கேட்டான்.

"எனக்கு மட்டும் ஸ்டைலா வெட்டிவிட்டா மத்தவங்க மூஞ்சியில எப்படி மாமா முழிப்பேன்?"

"அப்ப வண்டியவே கொண்டுவர்றோம். எல்லாருக்கும் வெட்டிடலாம்" என்றாள் அவள்.

தம்பி முகம் மாறியது. "வேணாங்க்கா. உன் வண்டி இங்க வந்து நின்னுபோச்சுன்னா? தள்ள ஆள் ஏது? இத்தன பேரும் சும்மா உக்காந்து வேடிக்க பாக்கணும். அத மட்டும் என்னால தாங்க முடியாதுக்கா."

அன்றைக்கே முடிவு செய்தாள். வண்டி அந்த வாசலுக்குள் தானாகப் போக வேண்டும், தானாகவே கிளம்பியும் வர வேண்டும். தம்பி கண்ணெதிரில் அது ஒருமுறைகூட முனகக் கூடாது.

பேட்டரிக் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு வேலையைத் தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்துவிட்டாள். துளை போடும் இடத்துக்கு நேர் கீழே டீசல் குழாயோ பிரேக் குழாயோ ஓடுகிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லை எடுத்தாள். புது பேட்டரிக்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம். குலுங்காமல் இருக்க இரும்புப் பட்டை போட்டு முடுக்கினாள். விரல் தடிமனுக்குச் சிவப்பு ஒயர், இரண்டு பக்கமும் ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே.

"அது எதுக்கு?" என்றான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த கணவன். டார்ச் வெளிச்சம் அவள் கையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்துகொண்டிருந்தது.

"இஞ்சின் ஓடுறப்ப ரெண்டு பேட்டரியும் ஒண்ணா சேர்ந்து சார்ஜ் ஏறும். இஞ்சின நிறுத்தினா தனித்தனியா பிரிஞ்சிடும். நீங்க நாள் பூரா மெஷின் ஓட்டினாலும் புதுசுதான் இறங்கும். பழசு வண்டியக் கிளப்ப அப்படியே இருக்கும்."

"கூட்டுக் குடும்பம், ஆனா தனித்தனி அடுப்பு."

"இப்பவாவது புரிஞ்சுதே. டார்ச்ச இங்க காட்டுங்க."

அடுத்த வாரம் காப்பகத்து முற்றத்தில் வண்டி போய் நின்றபோது தம்பி வாசலிலேயே காத்திருந்தான். வழித்துவிடுகிறவருக்குத் தலையைக் கொடுக்காமல் மாதக்கணக்கில் வளர்த்த முடி தோளில் புரண்டது. "கிளம்பிடும்ல?" என்றான். "கிளம்பும்டா" என்றாள்.

அன்றைக்கு அங்கே நடந்ததைத் திருவிழா என்றே சொல்லலாம். ஒருவர் மீசை மட்டும் போதும் என்றார். ஒரு பாட்டுக்காரருக்குப் பின்பக்கம் நீளமாக வேண்டும். ஒரு பெரியவர் இருக்கிற ஏழெட்டு முடிக்கும் வகிடு எடுக்கச் சொன்னார். கணவன் மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் வெட்டினான். கூட்டத்துக்காகப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். காலையிலிருந்து பாட்டு அலறியது. கடைசியாகத் தம்பி உட்கார்ந்தான். வெட்டி முடித்துக் கண்ணாடியைக் காட்டியதும் ஒரு விசில் அடித்தான் பாருங்கள், சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

அந்த ஆரவாரத்தில் பாட்டு எப்போதோ நின்றுபோயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவள் சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு முறை திருப்பினாள். அதுவும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். ஸ்பீக்கரின் ஒயர் போன் சார்ஜ் போட மட்டும் என்று அவள் பழைய பேட்டரியிலேயே விட்டுவைத்திருந்த பிளக்கில் செருகியிருந்தது. புது பேட்டரி இன்னும் ரெண்டு ஊருக்கு முடி வெட்டும். பழையது செத்துக் கிடந்தது. கணவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வாயத் திறக்காதீங்க, பல்லு ஒண்ணும் மிஞ்சாது" என்றாள் அடிக்குரலில். பெரிய காரியமில்லை. புதியதிலிருந்து பழையதுக்கு ஒரு ஒயர் கொடுத்தால் போதும், வண்டி சொல்பேச்சு கேட்கும். தம்பியின் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குத் துணிவில்லை. தலையைக் குனிந்தபடியே ஒயரை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"அக்கா, நீ போய் ஸ்டியரிங்ல உக்காரு!"

குரல் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே தம்பி கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். சக்கர நாற்காலிகள் பம்பரை ஒட்டி வரிசை கட்டிவிட்டன. முழங்கால் இடிபடாமல் இருக்க ஆளுக்கொரு தலையணையை மடிக்கு முன்னால் வைத்திருந்தார்கள். ஊன்றுகோல்காரர்கள் இருவர் பக்கவாட்டில் முதுகைக் கொடுத்து நின்றார்கள். காவலாளி கேட்டை விரியத் திறந்துவிட்டார். முற்றம் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு.

"டேய், உங்களால..." என்று ஆரம்பித்தாள்.

"கால்தான்க்கா லீவு. கை டூட்டியிலதான் இருக்கு. வருசக்கணக்கா இந்தச் சக்கரத்த உருட்டுற கை. பாக்குறியா?" புதுசாக வெட்டிய முடியைக் கோதிவிட்டுக்கொண்டான். "வகிடு கலையாம தள்ளணும், எல்லாரும் தயாரா?"

பதிலுக்கு எழுந்த கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

அவள் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். பிறகு அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டாவது கியர், கிளட்ச் உள்ளே.

"ஒண்ணு... ரெண்டு..."

வண்டி அசையவில்லை. பிறகு ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் மூச்சும் சிரிப்பும் திட்டும் கலந்து கேட்டன. சரிவில் இறங்கி வேகம் பிடித்ததும் இடது காலை எடுத்தாள். வண்டி ஒரு குதி குதித்து, கறுப்பாகப் புகையைக் கக்கி, உறுமியது.

கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். புகைக்கு நடுவில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, விபத்துக்குப் பிறகு அவள் ஒரு நாளும் பார்த்திராத சிரிப்போடு கத்திக்கொண்டிருந்தான். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்து ரோடு மங்கியது.

"ஏம்மா, புது பேட்டரி ஃபுல்லா இருந்துச்சே. ஒரு ஒயரப் போட்டிருந்தா அங்கேயே கிளம்பியிருக்குமே?" என்றான் பக்கத்திலிருந்த கணவன், மெதுவாக.

"பேசாம தலைய வெளிய நீட்டி அவங்களுக்குக் கையக் காட்டுங்க" என்றாள்.